ராஜிநாமா: இடித்த காருக்கு ரோட்டிலேயே கணக்குத் தீர்த்த கதை

தில்லிக்கு வந்து சேரும் தமிழர்களைக் குழப்பும் ஹிந்தி வார்த்தைகளில் 'ராஜிநாமா'வுக்கு முக்கியமான இடம் உண்டு. நம் ஊரில் ராஜினாமா என்றால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுப்பது. மந்திரி செய்வார், மானேஜர் செய்வார். ஆனால் தில்லி போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா "ராஜிநாமா கர் லோ" என்று சொன்னால் வேலையை விடச் சொல்கிறாரோ என்று பயப்பட வேண்டியதில்லை. "ரெண்டு பேரும் பேசி சமாதானமாகி, எழுதிக் கொடுத்துவிட்டு இடத்தைக் காலி பண்ணுங்கள்" என்று அர்த்தம்.

'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் எழுதிய பத்திரம். ஆக, சம்மதப் பத்திரம். வட இந்தியாவில் கம்பெனிக்காரர்களின் கோர்ட்டுகளில் 1837 வரை பாரசீகம்தான் பாஷை. அதன் மிச்சங்களில் இது ஒன்று. வார்த்தை தெற்கே வந்தபோது இரண்டாக உடைந்துவிட்டது. "கேஸ் ராஜியாயிடுச்சு" என்கிறோமே, அதில் பழைய அர்த்தம் அப்படியே இருக்கிறது. 'நாமா' ஒட்டிக்கொண்டால் மட்டும் வேலை போய்விடுகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே கதைதான். மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கும் மராட்டியில் ராஜிநாமா என்றால் வேலையை விடுவதுதான்.

கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்தக் காகிதம் தேவைப்படும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வந்தவர் லேசாக முத்தமிட்டுவிடுவார். அல்லது நாம் ரிவர்ஸ் எடுக்கும்போது அடுத்தவர் கதவில் ஒரு பள்ளம். நாலு பேர் கூடுவார்கள், நாலு பேரும் நீதிபதிகள். பத்து நிமிஷம் சத்தம், அப்புறம் ஒரு தொகை, அப்புறம் அவரவர் வழி. இன்சூரன்ஸ் என்ற பேச்சே வராது.

இதைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொல்வார்: "அங்கேயெல்லாம் இன்சூரன்ஸ் கார்டை மாத்திக்கிட்டு சத்தமே இல்லாம போயிடுவாங்க. நம்மாளுங்களுக்கு சட்டத்து மேல மரியாதை இல்ல." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு ஒன்று தெரிகிறது. ரோட்டோர ராஜி சட்டத்துக்கு எதிராக முளைத்த வழக்கம் இல்லை. சட்டம் காலி விட்ட இடத்தில் முளைத்தது.

உடம்புக்கு மட்டும் இன்சூரன்ஸ்

கார்கள் வந்த காலத்தில் அவற்றுக்கென்று நாடு முழுவதற்குமான முதல் சட்டம் 1914-இன் இந்திய மோட்டார் வாகனச் சட்டம். அடுத்த பெரிய சட்டம் 1939-இல். இதில்தான் 'மூன்றாம் நபர்' இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற அத்தியாயம், எட்டாவது அத்தியாயம், வருகிறது. பிரிட்டனில் 1930-இல் கொண்டுவந்ததைப் பின்பற்றியது. சட்டம் 1939 என்றாலும் இந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். நடுவில் ஒரு உலக யுத்தமே நடந்து முடிந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1946-இல் கட்டாயமான இன்சூரன்ஸ், அடிபட்ட மனிதனுக்கானது. உயிர்ச்சேதம், உடல் காயம், இவ்வளவுதான். அடுத்தவர் காரின் மட்கார்டு நசுங்கினால் அதற்கும் இந்தக் கட்டாய இன்சூரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று, நாமே கையிலிருந்து கொடுக்க வேண்டும். இல்லை, அவர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு மட்கார்டுக்காக யார் வக்கீல் வைத்து முன்சீப் கோர்ட் படி ஏறுவார்கள்? ஆகவே ரோட்டிலேயே பேசித் தீர்த்தார்கள்.

சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசிகள் இருந்தன. ஆனால் அது அவரவர் விருப்பம். சட்டம் யாரையும் வற்புறுத்தவில்லை.

அடுத்தவர் சொத்துச் சேதத்தையும் கட்டாய இன்சூரன்ஸுக்குள் கொண்டுவந்தது 1969-ஆம் வருடத் திருத்தம். 1970 மார்ச் 2 முதல் அமல். இதில் நாம் பெருமைப்படவும் ஒன்று உண்டு: நமக்கு வழிகாட்டிய பிரிட்டனிலேயே சொத்துச் சேத இன்சூரன்ஸ் கட்டாயமானது 1980-களின் கடைசியில்தான். ஆனால் நாம் வைத்த வரம்பு? 2,000 ரூபாய். பிறகு வந்த 1988-ஆம் வருடச் சட்டத்தில் (அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1) இது 6,000 ரூபாய்.

மாருதி 800 முதன்முதலில் விற்பனைக்கு வந்த 1983 டிசம்பரில் அதன் விலை சுமார் 50,000 ரூபாய். அந்தக் கணக்கில் 6,000 ரூபாய் என்பது காரில் எட்டில் ஒரு பங்கு, பரவாயில்லை. ஆனால் கார் விலை பத்து மடங்கு ஏறிய பிறகும் சட்டப் புத்தகத்தில் அந்த 6,000 அசையாமல் உட்கார்ந்திருந்தது. திருத்திய அத்தியாயம் 2022 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வரும்வரை, கிட்டத்தட்ட 33 வருடம். காம்ப்ரிஹென்சிவ் எடுப்பவர்களுக்கு 2002-ஆம் வருட டாரிஃப் இந்த வரம்பைக் காருக்கு ஏழரை லட்சமாக உயர்த்தியது உண்மை. ஆனாலும் அந்தப் பணத்தை வாங்கும் வழி மாறவில்லை. அடுத்தவர் இன்சூரன்ஸிலிருந்து நம் கதவுக்குக் காசு வேண்டும் என்றால் நாம் போக வேண்டிய இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கை கால் இழந்தவர்களும் குடும்பத் தலைவனைப் பறிகொடுத்தவர்களும் காத்திருக்கும் அதே வராண்டாவில், நாம் ஒரு டெயில் லேம்ப்புக்காக நிற்க வேண்டும். நிற்க மனசு வராது. அதுதான் நியாயமும்.

டிங்கரும் போனஸும்

சட்டம் விட்ட இடத்தை நிரப்பியவர் டிங்கர். தில்லியில் 'டென்ட்டிங்-பெயின்டிங்' என்று போர்டு இருக்கும், நம்மூரில் 'டிங்கரிங்-பெயின்டிங்'. தொழில் ஒன்றுதான். அம்பாசடர், ஃபியட் காலத்து வண்டிகளின் உடம்பு நல்ல கனமான இரும்புத் தகடு. நசுங்கினால் உள்ளேயிருந்து தட்டி எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். பார்ட் மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டி வந்தாலும் சென்னைக்குப் புதுப்பேட்டை, தில்லிக்கு மாயாபுரியும் காஷ்மீரி கேட்டும், பெங்களூருக்கு ஜே.சி. ரோடு. ஆகவே ஒரு பள்ளத்துக்கு என்ன ஆகும் என்று ரோட்டில் நிற்கும் இரண்டு பேருக்குமே உத்தேசமாகத் தெரியும். விலை தெரிந்த சாமானுக்குத்தான் பேரம் சுலபம்.

மாருதியோடு பிளாஸ்டிக் பம்பர் காலம் வந்தது. பிளாஸ்டிக்கைத் தட்டி எடுக்க முடியாது, கிழிந்தால் புதுசுதான். செலவு கூடியதால் இன்சூரன்ஸ் பக்கம் ஜனங்கள் போயிருக்க வேண்டும் இல்லையா? அங்கே இரண்டு தடுப்புகள். முதலாவது தேய்மானம். டாரிஃப் விதிப்படி பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அதிலும் முதல் ஆயிரமோ இரண்டாயிரமோ (1500 சி.சி. வரை 1,000, அதற்கு மேல் 2,000) நம் கையிலிருந்து போட வேண்டும். 'ஜீரோ டெப்ரிசியேஷன்' எல்லாம் 2007-இல் டாரிஃப் கட்டு தளர்ந்ததற்குப் பிறகு பரவிய சமாச்சாரம்.

இரண்டாவது தடுப்பு நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் கேட்காமல் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் முதல் வருடம் 20 சதவீதம் தள்ளுபடி, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு கிளெய்ம் போதும், பரமபத பாம்பு கடித்த மாதிரி மறுபடி பூஜ்யம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சொந்தச் சேத பிரீமியம் 8,000 என்றும், 50 சதவீத போனஸில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் 50 சதவீதம் போச்சு. அதற்கடுத்து 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம், அதாவது 10,000 ரூபாய். நிஜத்தில் காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் நஷ்டம் இதைவிடக் கொஞ்சம் கம்மி. எப்படிப் பார்த்தாலும் 6,000 ரூபாய் பம்பருக்குக் கிளெய்ம் கேட்பது புத்திசாலித்தனம் இல்லை. சின்ன அடிக்கு எங்களிடம் வராதே என்று இன்சூரன்ஸே நமக்குச் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நாம் ரோட்டில் செய்வதைக் கம்பெனிகளும் தங்களுக்குள் செய்துகொண்டன. 1973 ஜனவரி 1-இல் தேசியமயம் ஆனபோது 107 கம்பெனிகள் நாலு கம்பெனிகளுக்குள் அடங்கின: கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, தில்லியில் ஓரியண்டல், மெட்ராஸில் யுனைடெட் இந்தியா. யார் தப்பு என்று ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தால் வக்கீல்கள்தான் வாழ்வார்கள். 'உன் கஸ்டமருக்கு நீ கொடு, என் கஸ்டமருக்கு நான் கொடுக்கிறேன்' என்று கம்பெனிகளுக்கு இடையே வழக்கத்தில் உள்ள ஏற்பாட்டுக்கு 'நாக் ஃபார் நாக்' என்று பெயர். அதுவும் ஒரு ராஜிதான், கோட்டு சூட்டு போட்டது.

ஸ்டேஷனுக்கு ஏன் பயம்?

பணக் கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் போலீஸ். ரோட்டில் தாறுமாறாக ஓட்டினால் போடும் பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279. அந்தச் சட்டம் 1860-இல் எழுதியது. காரே பிறக்காத காலம். குதிரை வண்டிக்கும் குதிரைச் சவாரிக்கும் எழுதிய பிரிவு காருக்கும் வந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 என்ற புது நம்பரோடு தொடர்கிறது. இந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். விழுந்தால் இரண்டு பேரும் ராஜி ஆனாலும் வழக்கு தானாக முடியாது. சமாதானமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும் குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. ரத்து செய்ய ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும்.

அதற்குள் வண்டி? அது ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும். மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட்டு, ஜாமீன் எழுதிக் கொடுத்து எடுக்க வேண்டும். தில்லியில் இதற்கு 'சுபர்தாரி' என்று பெயர். ஸ்டேஷன்களில் வண்டிகள் துருப்பிடித்துச் சாவதைப் பார்த்துவிட்டு, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் என்ற வழக்கில் 2002-இல் சுப்ரீம் கோர்ட்டே, வருடக்கணக்கில் இப்படி வைத்திருக்காமல் சீக்கிரம் உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆக, "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று ஒருவர் கேட்டவுடன் இன்னொருவர் பர்ஸை எடுப்பது ஏன் என்று புரிகிறதல்லவா?

வெளியூர்க்காரனுக்கு இது இரட்டிப்பு. நம்பர் பிளேட்டில் TN என்று இருந்தால் வாயைத் திறக்கும் முன்பே அந்நியன் என்று தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் ஹிந்தியின் ஆண்பால் பெண்பால் மீதியைச் சொல்லிவிடும். கூட்டம் உள்ளூர்க்காரர் பக்கம், நியாயமும் கூட்டத்தின் பக்கம். ரோட்டோர ராஜி சமமான இரண்டு பேருக்கு நடுவே நடந்தால் அழகு. சமம் இல்லாத இடத்தில் அதற்குப் பெயர் வசூல். 2021-இல் வந்த BH நம்பர், அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்களை மறுபதிவுத் தொல்லையிலிருந்து காப்பாற்றியது. ரோட்டில் எந்த ஊர் என்று தெரியாமல் இருப்பது அதன் உபரி லாபம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இடித்தவரிடம் இன்சூரன்ஸே இல்லாமல் இருக்கலாம். முதல் வருடத்தோடு மறந்துவிடுகிறவர்கள் அத்தனை பேர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல வழக்கில்தான் இதற்கு ஒரு வழி பிறந்தது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருடம், புது டூவீலருக்கு 5 வருடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும். உடைந்த எலும்புகளைத் தினமும் பார்க்கிற ஒருவர் இந்த வழக்கைப் போட்டதில் ஆச்சரியமில்லை.

எங்கே கோடு?

இத்தனையும் சொன்னது, எல்லாவற்றையும் ரோட்டிலேயே முடித்துவிடலாம் என்பதற்காக இல்லை. அதற்கு நேர் எதிரான ஒன்றுக்காக.

1946-இல் சட்டம் போட்ட கோட்டை மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் தகரம், இன்னொரு பக்கம் உடம்பு. தகரத்தை உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. உடம்பை விடவில்லை. 1956-ஆம் வருடத் திருத்தத்தில் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். 1988-ஆம் வருடச் சட்டத்தில், வண்டிக்கு வெளியே அடிபட்ட மனிதனின் இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் வரம்பே வைக்கவில்லை. பம்பருக்கு 6,000, மனிதனுக்கு எவ்வளவு ஆனாலும்.

ஆனால் ரோட்டில் நடப்பது என்ன? கார் டெலிவரிப் பையனை இடித்துவிடும். விழுந்தவன் எழுந்து நின்று, "ஒண்ணுமில்ல சார்" என்பான். அவனுக்கு அடுத்த ஆர்டர் அவசரம். 500 ரூபாய் நோட்டு ஒன்று கைமாறும். கூட்டமும் "விடுங்க சார், வாங்கிட்டான்" என்று கலையும். ராத்திரி முழங்கால் வீங்கும். மறுநாள் எக்ஸ்ரேயில் விரிசல். வண்டி நம்பர் தெரியாது, சாட்சி கிடையாது, கையில் இருந்த 500 மருந்துக் கடையில் போயாச்சு. அவனுக்காகவேதான் நாம் வருடா வருடம் தேர்ட் பார்ட்டி பிரீமியம் கட்டுகிறோம். அதை அவன் கைக்குப் போகவிடாமல் செய்வது அந்த 500 ரூபாய். அவனும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ, நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவன்தான்.

ஆகவே யாருக்காவது அடிபட்டிருந்தால், சிராய்ப்பாகத் தெரிந்தாலும், ராஜி பேசும் இடம் ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும், போலீஸுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்வதும் 134-ஆவது பிரிவு டிரைவர் மேல் சுமத்தும் கடமை. அடிபட்டது நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ என்றால், மருத்துவச் சீட்டு கைக்கு வரும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய ஆறு மாதம்தான் கெடு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தகரம் என்றால்? நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று: சட்டப்படி, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். பம்பர் கீறலுக்கு யாரும் போவதில்லை என்பது நடைமுறை. ஆனால் வண்டியை நிறுத்துவதும், கேட்டால் பெயர் விலாசம் கொடுப்பதும் தவிர்க்கவே கூடாதவை. எதிராளியும் தன் பெயர் விலாசத்தைக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

பேசி முடித்தால் எழுதி முடியுங்கள். தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி நம்பர்கள், எது சேதம், யாருக்கும் காயமில்லை என்ற வாசகம், இந்தத் தொகையோடு சேதக் கணக்கு முழுசாகத் தீர்ந்தது என்ற வாசகம், இரண்டு கையெழுத்து. 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டு 'தீர்ந்தது' என்று ஒப்புக்கொண்டால் கடன் தீர்ந்தது தான் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் உதாரணத்தோடு சொல்கிறது. ரோட்டோரக் கணக்குக்கென்று எழுதியது இல்லை என்றாலும், கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிப்பதை மதிக்கிற சட்டம் நம்முடையது. ஆனால் "போலீஸ் புகார் கொடுக்க மாட்டேன், அதற்காக இவ்வளவு" என்று மட்டும் எழுதாதீர்கள். குற்ற வழக்கைக் காசுக்கு விற்கும் ஒப்பந்தம் அதே சட்டப்படி செல்லாது.

பணத்தை நோட்டாகக் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். 2016-க்கு முன் ராஜி பேசியவர்களுக்கு இல்லாத வசதி இது. யார், எப்போது, எவ்வளவு என்று தானே எழுதிவைத்துக்கொள்ளும். இரண்டு வண்டியையும் நாலு போட்டோ எடுங்கள்.

இன்னொன்று. ரோட்டில் காசு கொடுத்துவிட்டு அப்புறம் அதே விபத்துக்கு இன்சூரன்ஸிலும் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் கொடுக்கவோ கூடாது என்று எல்லா மோட்டார் பாலிசியிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ரோடா, கம்பெனியா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். செலவு மேலே சொன்ன போனஸ் கணக்கைத் தாண்டினால் கம்பெனி, இல்லையென்றால் ரோடு.

தகரத்துக்கு ராஜி ஆகலாம், நல்லதும்கூட. உடம்புக்கு ஆகாதீர்கள். பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் நம்மவர்களைக் கேட்க ஒன்று உண்டு: உங்கள் ஊர் ஸ்டேஷனில் இந்தக் காகிதத்துக்கு என்ன பெயர்?